தலை தோன்றிய வரலாறு

குளங்களில் நீர்ப்பூண்டுகளைப் பற்றி வாழும் ஹைட்ராவுக்குத் தலை இல்லை, மூளையும் இல்லை. அதன் உடலெங்கும் நரம்பணுக்கள் வலைபோல் பரவியுள்ளன. ஓரிடத்தில் ஊசியால் தீண்டினால் உடல் முழுவதும் சுருங்குகிறது. ஓரிடத்தில் தங்கி, எத்திசையிலிருந்தும் வரும் இரையைப் பற்றும் பிராணிக்கு இவ்வமைப்பே போதும்.

ஒரு திசை நோக்கி ஊர்ந்து இரை தேடும் பிராணியின் நிலை வேறு. உணவாயினும் பகையாயினும் முதலில் எதிர்ப்படுவது முன்முனையே. ஆகவே, அங்கே புலனுறுப்புகள் மிக்கிருந்த பிராணிகள் பிழைத்துப் பெருகும் வாய்ப்பை அதிகம் பெற்றன. புலன்கள் தரும் செய்திகளை விரைந்து ஒன்றுசேர்க்க, நரம்பணுக்களும் அவற்றின் அருகே திரண்டன. இங்ஙனம் தலை உருவாயிற்று எனலாம். பிளனேரியா என்னும் தட்டைப்புழு இதற்குத் தக்க சான்று. அதன் வாய் உடலின் நடுவே, அடிப்புறத்தில் உள்ளது. கண்களும் மூளையுமோ முன்முனையில் உள்ளன.

மண்புழுவில் மூளை முன்முனையை அடுத்து, தொண்டையின் மேல் அமைந்துள்ளது. அதனோடு இணைந்த நரம்புவடம் வயிற்றுப்புறமாகச் செல்கிறது. அதில் கண்டந்தோறும் ஒரு நரம்பு முடிச்சு உண்டு. மூளையை நீக்கிய பின்னும் மண்புழு ஊர்ந்து செல்லும். எனவே, மைய நரம்பு மண்டலம் என்பது எல்லா அதிகாரமும் ஓரிடத்தில் குவிந்த அமைப்பு அன்று.

வாழ்க்கை முறை மாறினால் தலையும் மாறும். நத்தைக்குத் தலையும் கண்களும் உண்டு. அதன் உறவினமாகிய மட்டி, சேற்றிற் புதைந்து நீரை வடித்து உண்ணும் வாழ்வை மேற்கொண்டது. அதன் வழியில் தலை மறைந்தது. நட்சத்திரமீனின் இளம் பருவத்தில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கும். வளர்ந்தபின் அது ஐந்து கைகளுடன் தலையற்றதாகவே தோன்றும். ஆயினும், பிற பிராணிகளில் தலையை வகுக்கும் மரபணுக்கள் அதன் கைகள் நெடுகிலும் செயற்படுவதை 1923-க்குச் சரியாக ஒரு நூற்றாண்டின் பின், 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆதலின், தலையற்றவை தாழ்ந்தவை, தலையுள்ளவை உயர்ந்தவை என ஏணிப்படிகளாகக் கற்பித்தல் பொருந்தாது. இதனை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். இருட்டறையில் ஈரத்தாளின்மேல் மண்புழுவை விட்டு, மெல்லிய ஒளிக்கற்றையை முதலில் நடுவுடலிலும் பின்னர் முன்முனையிலும் செலுத்துக. முன்முனையே விரைந்து பின்வாங்கும். தலை தோன்றியதன் காரணம் அங்கே கண்கூடாகும்.