தொன்மமும் சமயமும்: காஞ்சிபுரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஒரு தெய்வமோ, ஊரோ, குலமோ, சடங்கோ எப்படித் தோன்றியது என்று மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை தொன்மம் எனப்படும். அம்மக்கள் வணங்கும் முறை, நோன்பு, விழா, ஒழுக்க விதி, அவற்றால் ஒன்றாகக் கட்டுண்டிருக்கும் கூட்டம் ஆகிய எல்லாம் சேர்ந்தது சமயம். நடைமுறையில் இரண்டும் பாவும் ஊடையும் போலக் கலந்திருப்பதால், பலரும் இரண்டையும் ஒன்றென்றே கருதுகின்றனர். "புராணம் கட்டுக்கதை, ஆகவே சமயமும் பொய்" என்போரும், "புராணத்தைக் கதை என்று சொல்வதே தெய்வ நிந்தனை" என்போரும் இந்த ஓர் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

சொற்கள்

'புராணம்' என்ற வடசொல்லுக்குப் பழமையானது என்பதே பொருள். தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளுள் ஒன்றாகத் 'தொன்மை'யைக் கூறுகிறது. பழங்கதையைப் பொருளாகக் கொண்ட செய்யுளை அது குறிக்கும். இன்று ஆய்வாளர் வழங்கும் 'தொன்மம்' இதனோடு உறவுடைய சொல். எனவே ஒரு கதையைத் தொன்மம் என்பது அதைப் பொய் என்று தீர்ப்பளிப்பது ஆகாது. அது எவ்வகைக் கதை என்று மட்டுமே சொல்கிறோம்.

காஞ்சியில் இரண்டும்

பட்டுத் தறிகள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தை ஒட்டியே ஏகாம்பரநாதர் கோயில் உள்ளது. கம்பை ஆற்றங்கரையில் மாமரத்தடியில் உமையம்மை மணலால் லிங்கம் அமைத்து வழிபட்டாள்; வெள்ளம் பெருகிவர, லிங்கம் கரையாதபடி அதைத் தழுவிக்கொண்டாள். இது தொன்மம். மூலவர் மணல் லிங்கம் என்பதால் திருமேனிக்கு நீரால் அபிஷேகம் செய்வதில்லை; ஆவுடையாருக்கே செய்கின்றனர். இது சமயம். கதை சடங்குக்குக் காரணம் சொல்கிறது, சடங்கு கதையை நாள்தோறும் நினைவூட்டுகிறது. இவ்வளவு நெருங்கி நிற்பதால்தான் பிரித்துப் பார்க்கக் கடினமாக இருக்கிறது.

ஆனால் நம் மரபே இவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காஞ்சியின் தலக்கதைகளைச் சொல்வது காஞ்சிப் புராணம். 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் முதற்காண்டத்தையும், அவர் மாணவர் கச்சியப்ப முனிவர் இரண்டாம் காண்டத்தையும் பாடினர். (குமரக்கோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேற்றிய கச்சியப்ப சிவாச்சாரியார் வேறொருவர், மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள்.) ஆனால் கருவறையில் நிற்கும் அர்ச்சகர் புராணத்தைப் பார்த்துப் பூசை செய்வதில்லை, ஆகமத்தின்படியே செய்கிறார். வரதராஜப் பெருமாள் கோயிலில் பாஞ்சராத்திர ஆகமம், சிவன் கோயில்களில் சைவ ஆகமங்கள். கதைக்கு ஒரு நூல், வழிபாட்டுக்கு வேறொரு நூல்.

ஒரே கதை, வேறு சமயம்

பிள்ளையார்பாளையத்திலிருந்து வேகவதியைக் கடந்தால் ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றம். அங்குள்ள சமணக் கோயிலின் விதான ஓவியங்களில் ரிஷபதேவர், மகாவீரர் வரலாறுகளோடு கண்ணனின் வரலாறும் இடம்பெற்றுள்ளது. சமண மரபில் கண்ணன், 22-ஆம் தீர்த்தங்கரரான நேமிநாதரின் உறவினன். முழுமுதற் கடவுள் அல்லன். சின்னக் காஞ்சியில் திருமாலின் அவதாரமாக வணங்கப்படுபவனே இங்கே தீர்த்தங்கரரின் கதையில் ஒரு பாத்திரமாக வருகிறான். கதைகள் சமய எல்லைகளை எளிதில் தாண்டிவிடுகின்றன. வழிபாடு அப்படித் தாண்டுவதில்லை.

இதன் மறுபக்கம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தெரியும். பிரமன் செய்த வேள்வியில் பெருமாள் தோன்றினார் என்பதை வடகலையாரும் தென்கலையாரும் ஒன்றுபோல் ஏற்கின்றனர். கதையில் பிணக்கே இல்லை. எந்தத் தனியனைச் சொல்லித் தொடங்குவது, பிரபந்தம் ஓதும் உரிமை யாருக்கு என்பதில்தான் பிணக்கு. ஆங்கிலேயர் காலம் முதல் அது நீதிமன்றங்களுக்குச் சென்றுவருகிறது. தொன்மம் மட்டுமே சமயமாக இருந்திருந்தால் இந்த வழக்குகளுக்கு இடமே இருந்திராது.

ஒரே சடங்குக்குப் பல கதைகளும் இருக்கலாம். ஆயுத பூசையன்று தறிக்கும் நாடாவுக்கும் சந்தனம் குங்குமம் இடுகிறோம். ஏன் என்று கேட்டால், ஒரு வீட்டில் துர்க்கை மகிடனை வென்ற கதையைச் சொல்வார்கள். அடுத்த வீட்டில் பாண்டவர் வன்னிமரத்திலிருந்து ஆயுதங்களை எடுத்த கதையைச் சொல்வார்கள். கதையே தெரியாத வீட்டிலும் அன்று தறி ஓடாது.

வழிபாடு போனபின் எஞ்சும் கதை

என் வகுப்பில் ஒரு மாணவன், "சார், மணிமேகலையின் பாத்திரத்தில் சோறு வந்துகொண்டே இருந்தது என்று பரீட்சையில் எழுதினால் மார்க் கிடைக்கிறது, அவள் சாமியா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. மணிமேகலைக் காப்பியம் முடிவது காஞ்சியில்தான். அங்கேதான் அவள் அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்டு நோன்பு மேற்கொள்கிறாள். 7-ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் காஞ்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள் இருந்ததாக எழுதியுள்ளார். அந்த மடங்களும் அவற்றின் வழிபாடும் இன்று இல்லை. அமுதசுரபி மட்டும் பாடநூலில் நிலைத்துவிட்டது. கிரேக்கரின் சீயசுக்கும் இதுவே நேர்ந்தது: 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமப் பேரரசு பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதைத் தடைசெய்தது, கதைகளோ இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. இவை யாரையும் கட்டுப்படுத்தாத கதைகள் ஆகிவிட்டன. அதனாலேயே தயக்கமின்றி அவற்றைத் தொன்மம் என்கிறோம். நம் கதைகளை அப்படிச் சொல்லக் கூசுகிறோம்.

வரலாற்றோடு மோதும்போது

அத்திவரதர் 1979-இலும் 2019-இலும் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளினார். அத்திமரத் திருமேனி நீருக்குள் வைக்கப்பட்டதற்கு இரு காரணங்கள் சொல்லப்படுகின்றன. வேள்வித் தீயின் வெப்பம் தணியப் பெருமாளே நீரில் உறைய விரும்பினார் என்பது ஒன்று. படையெடுப்புக்கு அஞ்சி மறைத்துவைத்தனர் என்பது மற்றொன்று. கோயிலின் உற்சவத் திருமேனி முகலாயப் படைக்கு அஞ்சி உடையார்பாளையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1710-இல் திரும்பியது கல்வெட்டால் தெரியும் செய்தி. 2019-இல் வரிசையில் நின்ற பல இலட்சம் பேரில் எவரிடமும் இந்த இரு காரணங்களில் எதை நம்புகிறீர்கள் என்று கேட்டு உள்ளே விடவில்லை. அவர்களும் அதைத் தீர்த்துக்கொண்டு வரவில்லை; தரிசிக்க வந்தார்கள்.

குலக்கதைகளிலோ கதை, மக்களை இன்னும் நெருங்கித் தொடுகிறது. நெசவுத்தொழில் செய்யும் செங்குந்தர் தம்மை முருகனின் படைத்துணைவரான வீரவாகு முதலிய நவவீரர்களின் வழியினர் என்பர். தேவாங்கர் தேவல முனிவரையும், பத்மசாலியர் மார்க்கண்டேயர் மரபையும் சொல்வர். இவற்றைப் பிறப்புச் சான்றிதழ் போல ஆராய்வதில் பயனில்லை. கந்தசஷ்டியில் பல ஊர்களில் செங்குந்தர் நவவீரர் வேடமிட்டுச் சூரசம்ஹாரத்தில் முருகனுக்கு முன்னே செல்கின்றனர். ஆண்டு முழுதும் தறிக்குழியில் கால் வைத்து உழைப்பவருக்கு அன்று கோயிலில் ஓர் இடமும் மதிப்பும் உண்டு. அந்த இடம் கதையால் வந்தது. ஆண்டுதோறும் அதை நிலைநிறுத்துவது விழா.