டிஸ்க் காணவில்லையா? ஃபார்மட் செய்யாதீர்கள்!

கணினியில் இருந்த இரண்டாவது ஹார்டு டிஸ்க் திடீரென்று காணாமல் போனால், 'டிஸ்க் போச்சு' என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். அவசரத் தீர்ப்பு அது. டிஸ்க் தெரியவில்லை என்பது வேறு, செத்துவிட்டது என்பது வேறு. எந்தக் கட்டத்தில் அது மறைகிறது என்று பார்த்தாலே கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். விண்டோஸ் எழுவதற்கு முன்பே மதர்போர்டு தன்னோடு இணைந்த டிஸ்க்குகளைத் தேடிப் பட்டியலிடுகிறது. பயாஸ் திரையில் தெரியும் அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால், கேபிளும் மின்சாரமும் அநேகமாகச் சரி. சிக்கல் விண்டோஸ் பக்கம். டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். டிரைவ் எழுத்து விடுபட்டிருக்கலாம், டிஸ்க் ஆஃப்லைனில் கிடக்கலாம்.

பயாஸிலேயே இல்லையென்றால் சந்தேகம் முதலில் விழவேண்டியது கேபிள்மீது. சாட்டா டேட்டா கேபிளை மாற்றி, வேறு போர்ட்டில் செருகிப் பார்க்க வேண்டும். சில மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி பொருத்தியதும் ஒரு சாட்டா போர்ட் தானாகவே செயலிழந்துவிடும். மேனுவலில் அது எழுதியிருக்கும். இன்னொரு விநோதமும் உண்டு. 2016இல் வந்த சாட்டா 3.3 விதிமுறைப்படி, மின் இணைப்பின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அதை 'நில்' என்ற கட்டளையாக டிஸ்க் எடுத்துக்கொள்ளலாம். பழைய பவர் சப்ளைகளோ அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட் தருபவை. விளைவு, புத்தம் புதிய நல்ல டிஸ்க்கூட சுழலாமல் கிடக்கும்.

இதெல்லாம் மெக்கானிக் வேலை, வீட்டில் கைவைக்கலாமா என்று கேட்பது நியாயம்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டபின் கேபிளை மாற்றுவதில் பெரிய ஆபத்தில்லை. சாட்டா கேபிள் தலைகீழாக நுழையாது. ஆனால் எல்லை உண்டு. 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். தகட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் ஹெட் பழுதாகியிருந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தகட்டில் கீறல் விழலாம். இன்னொரு கேள்வியும் வரும்: டிஸ்க் மேனேஜ்மென்டில் விண்டோஸே டிஸ்க்கை 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்கிறதே, ஏன் மறுக்க வேண்டும்? காலி டிஸ்க்குக்கு அது சரி. கோப்புகள் இருந்த டிஸ்க்கில் பார்ட்டிஷன் அட்டவணையின் மேலேயே புதிதாக எழுதிவிடும். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கில் பிழை திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டுவதும் கெடுதலே. அந்தச் சத்தமின்றி ஓடும்வரை வேறு டிஸ்க்குக்கு நகலெடுப்பதுதான் முதல் வேலை.

கடைக்குக் கொடுப்பதானால், "டேட்டா வேண்டும், ஃபார்மட் செய்யக்கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.