கன்னத்துத் திட்டும் கண்ணாடிக் கருவியும்

குழந்தையின் கன்னத்தில் காசு அளவுக்கு ஒரு வெளுத்த திட்டு தெரிந்தால், நம் வீடுகளில் முதலில் என்ன சொல்வார்கள்? "வயித்துல பூச்சி இருக்கு, அதான் முகத்துல தெரியுது!" உடனே பூச்சி மருந்து. அதற்கு அடங்காவிட்டால் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்று. அப்புறம் மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஒரு ட்யூப். இத்தனையும் ஆன பிறகுதான் தோல் டாக்டர் ஞாபகமே வரும்.

கன்னத்துத் திட்டுக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலும் அது வறண்ட சருமத்தால் வருவது. ஈரப்பசை தரும் களிம்பைத் தடவி வந்தால் நாளாவட்டத்தில் மறைந்துவிடும். ஆனால் பார்வைக்கு அதே மாதிரி வெளுத்துத் தெரிவதில் தேமல் உண்டு, வெண்புள்ளி உண்டு, தொழுநோயின் ஆரம்பமும் உண்டு! எது எதுவென்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் வேண்டுமே?

திண்டிவனத்தில் இருப்பவர்கள் பெரிய ஆஸ்பத்திரி என்றால் விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும், அல்லது பாண்டிச்சேரி ஜிப்மருக்கு. கைக்குழந்தையோடு பஸ் ஏறி, சீட்டு வாங்கி, காத்திருந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால்தான் படம் எடுத்து அனுப்பி யோசனை கேட்கும் முறை நம் பக்கமும் வந்திருக்கிறது. கண்ணால் பார்த்தே பாதி கண்டுபிடிக்கக் கூடியது தோல் வியாதி. படத்துக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் ஏது?

இதற்கென்றே டெர்மாஸ்கோப் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும். பூதக்கண்ணாடியும் விளக்கும் சேர்ந்தது, செல்போனில் மாட்டிக்கொள்ளலாம். தோலை ஏறக்குறைய பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். மேல்தோலின் பளபளப்பை அடக்கிவிடுவதால் அதற்கு அடியில் இருப்பதும் தெரியும். சொறிசிரங்கு என்றால் பூச்சி குடைந்த வளையின் நுனியில் கறுப்பாகக் குட்டி முக்கோணம் போல் அது தெரியுமாம்! தேமலில் தோலின் கோடுகளில் பவுடர் மாதிரி செதில் தெரியும். வெண்புள்ளி பளீரென்று வெளுத்திருக்கும். தொழுநோய்த் திட்டில் முடியும் வியர்வைத் துவாரங்களும் குறைந்திருக்கும்.

ஆயிரம் மடங்கு பெரிதாக்கும் என்று விளம்பரம் செய்து மலிவாக விற்கிறார்களே, அந்த டிஜிட்டல் மைக்ராஸ்கோப்பை வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் திட்டின் உருவமே தெரியாது. கை கொஞ்சம் நடுங்கினாலும் படம் கலங்கிவிடும்.

என் நாத்தனார் பேரனுக்கு ஆறு வயது. கன்னத்தில் ஒரு திட்டு, முழங்கைக்குக் கீழே ஒரு திட்டு. திண்டிவனத்தில் குழந்தை டாக்டர் கருவி வைத்துப் படமெடுத்து விழுப்புரத்தில் உள்ள தோல் டாக்டருக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் போனில் முகம் காட்டிப் பேசினார்.

"படம் தெளிவாத்தான் இருக்கும்மா. ஆனா படத்தைத் தொட்டுப் பார்க்க முடியாதே! கொஞ்சம் பஞ்சைத் திரி மாதிரி திரிச்சுக்குங்க. பிள்ளையைக் கண்ணை மூடிக்கச் சொல்லிட்டு, கைத்திட்டுல ஒரு தடவை, பக்கத்து நல்ல தோல்ல ஒரு தடவை லேசாத் தொடுங்க. தொட்ட இடத்தை அவன் விரலால காட்டணும்."

"கன்னத்துல தொட வேண்டாமா டாக்டர்?"

"முகத்துல நரம்பு ஜாஸ்தி. அங்கே இந்தச் சோதனை அவ்வளவா உதவாது."

பயல் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு தடவையும் சரியாகக் காட்டினான். அப்படியும் அந்த அம்மாள் விடவில்லை. ஒரு தடவை நேரில் அழைத்து வரச் சொல்லி, முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான், "வெறும் வறட்சித் திட்டுதான்" என்றார்.

இவ்வளவு கவலை எதற்கு என்றால், உணர்ச்சி இல்லாத திட்டு தொழுநோயாக இருக்கலாம். நம் நாட்டில் 2005 டிசம்பரிலேயே பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதனால் அது ஒழிந்தே போனதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒழியவில்லை. ஆரம்பத்தில் கண்டுகொண்டால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ மாத்திரை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், முழுக்கக் குணமாகிவிடும். விட்டுவிட்டால், ஒரேயடியாகக் கெட்டுப்போன நரம்பு திரும்பாது. பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்துகிற நம் பழக்கம் கிருமியைவிடப் பொல்லாதது!

சகோதரிகளே, படம் எடுக்குமுன் மஞ்சள், எண்ணெய், பவுடர், மருதாணி எதுவும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது. ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சம் நல்லது. முகத்தை அழகாக்கிக் காட்டும் வசதி செல்போனில் இருக்கிறதே, அதை மறக்காமல் நிறுத்திவிடுங்கள். அது திட்டையே அழித்துவிடும். உடம்பில் எந்த இடம் என்று தெரிய எட்டத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று எடுங்கள். பக்கத்தில் ஸ்கேல் ஒன்று வைத்தால் அளவு தெரியும். எப்போது வந்தது, அரிக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

தடவிய ட்யூபின் பெயரை மட்டும் மறைக்கவே கூடாது. மாமியார் கோபித்துக்கொள்வாரே என்று மறைக்கிற மருமகள்களை எனக்குத் தெரியும்! ஸ்டீராய்டு கலந்த களிம்பு படர்தாமரையின் உருவத்தையே மாற்றிவிடும். படம் பார்க்கிற டாக்டர் ஏமாந்து போவார். 2018ல் மத்திய அரசு இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொல்லியும், கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் இருக்கின்றன.

உள்ளங்காலிலோ நகத்திலோ புதிதாகக் கறுப்பு தெரிந்து வளர்ந்துகொண்டே போனால் படத்தோடு நிற்காதீர்கள். நேரில் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள்.

வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேச மத்திய அரசின் இ-சஞ்சீவனி வசதி 2020 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. காசு கிடையாது. போனைக் கையாளத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் உதவலாம்.

தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று பெண்களுக்குப் படர்தாமரை வருகிற இடங்கள் எல்லோருக்கும் காட்டக் கூடியவை அல்ல. அந்தப் படத்தை அக்கா, தங்கை, குடும்ப வாட்ஸ்அப் குழு என்று சுற்றவிடாதீர்கள். டாக்டருக்கு மட்டும் அனுப்பிவிட்டு நம் போனிலிருந்து அழித்துவிடலாம். எதிரில் இருப்பவர் உண்மையிலேயே டாக்டர்தானா என்று சந்தேகம் வந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2020 மார்ச்சில் வந்த விதிமுறைப்படி அதைத் தெரிவிக்க வேண்டியது அவர் பொறுப்பு.