ஈய எழுத்தில் கோர்த்த பெயர்

ஈய எழுத்துக் காலத்தில் விசிட்டிங் கார்டு வேண்டுமென்றால் அச்சகத்துக்கு நேரில் போக வேண்டும். கம்போசிட்டர் எழுத்தெழுத்தாகக் கோர்த்து, மையொற்றி, ஒரு புரூஃபை நீட்டுவார். பெயரில் புள்ளி விட்டுப்போயிருக்கிறதா, தொலைபேசி எண் சரிதானா என்று விரல் வைத்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் ட்ரெடில் அச்சு இயந்திரம் ஓடும். நூற்றுக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். அப்புறம் வீடு மாறினால், மிச்சக் கார்டுகளில் பேனாவால் அடித்துத் திருத்த வேண்டியதுதான். 1996இல் மெட்ராஸ் சென்னையான பிறகும் பழைய கட்டு தீரும்வரை அதையே நீட்டியவர்கள் உண்டு.

இன்று அந்தக் கார்டு ஒற்றை இணையப் பக்கம். 2008இல் வந்த ஜெகில், 2013இல் வந்த ஹியூகோ போன்ற, இணையப் பக்கம் ஆக்கித் தரும் மென்பொருள்களுக்கு இலவச தீம்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றை எடுத்து, அதன் அமைப்புக் கோப்பில் பெயர், தொழில், எண், படம் என்று நிரப்பினால் பக்கம் தயார். பின்னால் டேட்டாபேஸ் கிடையாது. ஆக்கி வைத்த கோப்பைச் சர்வர் அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. அதனால் மந்தமான இணைப்பிலும் சட்டென்று திறக்கும். எண் மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும். கடை வாசலில் ஒட்டிய க்யூஆர் கோடு அப்படியே இருக்கலாம்.

எனக்குப் பெரிய மகிழ்ச்சி வேறொன்றில். பக்கத்தில் வைக்கும் 'தொடர்பைச் சேமி' பட்டன் தருவது விகார்டு என்ற தொடர்புக் கோப்பு. 2011இல் வந்த அதன் 4.0 வடிவம் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைக் கட்டாயமாக்கியது. தமிழில் எழுதிய பெயர் சிதையாமல் அடுத்தவர் போனில் போய் உட்கார அது உதவுகிறது.

சந்தா கட்டும் கார்டு செயலிகளைவிட இதையே நான் சிபாரிசு செய்வேன். நிறுவனம் மூடினால் செயலியோடு கார்டும் போய்விடும். இங்கே கோப்புகள் நம் கையில் இருக்கின்றன; சொந்த டொமைனும் இருந்தால், அதே முகவரியோடு வேறு சர்வருக்கு மாறிக்கொள்ளலாம்.

ஆனால் அச்சிட்ட கார்டை யாருக்குக் கொடுப்பது என்று நாம்தான் முடிவு செய்தோம். இணையப் பக்கத்தை யாரும் பார்க்கலாம். கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் பேஜஸ் சேவை வழியாக இந்தப் பக்கத்தை நடத்த, கோப்புகள் இருக்கும் களஞ்சியம் பொதுவில் இருக்க வேண்டும். நேற்று நீக்கிய எண்ணும் அதன் பழைய பதிவுகளில் கிடக்கும். வீட்டிலிருந்தே தையலோ டியூஷனோ நடத்தும் பெண்கள் தொழிலுக்கென்று தனி எண் வைத்துக்கொண்டு, வீட்டு முகவரியை முதல் பதிவிலேயே சேர்க்காமல் விடுவது நல்லது. வரவேண்டியவர் போனில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.