இழுக்காதீர்கள், தோள் தாங்காது!

"ஏங்கண்ணு, நோவு தீக்கற வேலையை உட்டுப்போட்டு எலும்புக்கூட்டை வெச்சுப் பாடஞ் சொல்லப் போயிட்டியாமா?"

எருமப்பட்டிக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்கிற கேள்வி இது. பல வருஷம் பிஸியோதெரபிஸ்டாக இருந்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் அனாடமியும் பிஸியாலஜியும் கற்பிக்க வந்தவள் நான்.

காரணம், ஒரு தோள்பட்டை. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போன நாட்களில், எங்கும் ஒரே காட்சிதான். கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் ஆத்தாவை எழுப்ப, மகனோ மருமகளோ விளங்காத கையைப் பிடித்து இழுப்பார்கள். பாசத்தோடுதான்! ஒரு மாசம் போனால், "காலு தேவலைங்க, தோளுதான் உசுரு போகுது" என்று ஆத்தா அழுவார்.

தோள் மூட்டின் அமைப்பு அப்படி. இடுப்பில் பந்து போன்ற எலும்பு ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளிலோ பெரிய பந்துக்குச் சின்னத் தட்டுதான். நழுவாமல் பிடித்து வைப்பவை சுற்றியுள்ள தசைகள். அவை தளர்ந்துவிட்டால் கையின் கனமே பந்தைக் கீழே இழுக்கும். அதன்மேல் நாமும் இழுத்தால்? எழுப்பும்போது தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்குங்கள். உட்கார வைத்ததும் அந்தக் கைக்கு அடியில் தலையணை வையுங்கள், தொங்க விடாதீர்கள்.

இதை ஒரு வீட்டில் சொன்னால் அந்த வீட்டோடு நின்றுவிடும். வகுப்பில் சொன்னால், படித்துப் போகும் ஒவ்வொரு பெண்ணும் எத்தனையோ வீடுகளுக்குக் கொண்டுபோவாள். பெரியம்மாவுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

இந்தத் துறையில் நான் வணங்குகிறவர் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தில் 1925-ல் பிறந்து, வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1954-ல் நடந்த கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இளம் டாக்டர், வாழ்க்கையே முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். டாக்டர் பால் பிராண்ட் கொடுத்த ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்தார். வேறு வேலை செய்துகொண்டிருந்த தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாற்றித் தைக்கிற வேலை அது. தைத்தால் மட்டும் போதுமா? புது வேலையைத் தசைக்குப் பழக்கவேண்டுமே! உடற்கூறு தெரியாமல் தைக்க முடியாது, பயிற்சி இல்லாமல் விரல் அசையாது. பின்பு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அந்தத் துறைக்கே தலைமை ஏற்றார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையமும் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ பெற்ற அவர், 1986-ல் மறைந்தார்.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு சேதி உண்டு. நடக்க அடம் பிடிக்கும் குழந்தையை ஒரு கையைப் பிடித்து 'விசுக்'கென்று தூக்குகிறோம் அல்லவா? நாலைந்து வயதுவரை முழங்கை எலும்பைச் சுற்றியுள்ள வளையம் போன்ற தசைநார் உறுதிப்பட்டிருக்காது. இழுத்தால் எலும்பு அதிலிருந்து லேசாக நழுவிவிடும். குழந்தை வீறிட்டு அழுது, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதை அசைக்கவே மறுக்கும். இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினால் இந்த வம்பே இல்லை. நழுவிவிட்டால், எண்ணெய் போட்டு 'சுளுக்கு' எடுக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள். கீழே விழுந்திருந்தாலோ வீக்கம் இருந்தாலோ எலும்பு முறிவா என்று அவர் பார்ப்பார். வெறும் நழுவல்தான் என்றால் நொடியில் சரி செய்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் அதே கையை நீட்டி மிட்டாய் கேட்கும்!