மாற்று மை வாங்கலாமா?

வீட்டிற்கு ஓர் அச்சுப்பொறி வாங்குவோர், பொறிக்கு ஒரு முறையும் மைக்குப் பல முறையும் விலை கொடுக்கின்றனர். பொறியை மலிவாகக் கொடுத்து, மையில் ஆதாயம் தேடுவது இத்தொழிலில் நெடுநாள் வழக்கம். ஆகவே, கடைக்காரர் வேறொரு நிறுவனத்தின் மலிவான கார்ட்ரிட்ஜை எடுத்து நீட்டும்போது நம் மனம் ஊசலாடுகிறது. ‘இதைப் போட்டால் பொறி கெட்டுவிடுமா?’ என்ற வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. பொறி இயங்கும் விதத்தை அறிந்தால் விடை தானே விளங்கும்.

இவ்வகைப் பொறியில் மை, தலைமயிரினும் நுண்ணிய துளைகளின் வழியே துளித்துளியாகத் தாளில் தெறிக்கிறது. துளியை வெளித்தள்ளும் முறைகள் இரண்டு. எச்.பி., கேனன் நிறுவனங்களின் வீட்டுப் பொறிகளில், துளையின் பின்னுள்ள சிறு தகடு கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறைந்த நேரத்தில் சூடேறுகிறது. மை கொதித்துக் குமிழி எழ, அது துளியைத் தள்ளுகிறது. எப்சன் பொறிகளிலோ வெப்பத்திற்கு வேலையில்லை. மின்னழுத்தம் பட்டதும் வடிவம் மாறும் பீசோ என்னும் பொருள் துளியைப் பிதுக்குகிறது.

ஆதலின், மை என்பது வெறும் வண்ணநீர் அன்று. அது தாளில் விரைந்து உலர வேண்டும். துளையிலோ எளிதில் உலரக் கூடாது. சூடேறும் தகட்டில் கருகிப் படியலாகாது. வடிகட்டியதில் துகள் எஞ்சலாகாது. மாற்று மை தயாரிப்போருள் இவற்றைக் கருத்துடன் செய்வோரும் உளர், செய்யாதோரும் உளர்.

எனவே, வாங்குமுன் இரண்டு செய்திகளை அறிந்துகொள்ளுங்கள். முதலாவது, துளைகள் எங்கே உள்ளன என்பது. சில பொறிகளில் அவை கார்ட்ரிட்ஜின் அடியிலேயே அமைந்துள்ளன. தீய மையால் அவை அடைபட்டாலும், பெரும்பாலும் நட்டம் அந்தக் கார்ட்ரிட்ஜோடு தீர்ந்துவிடும். வேறு சிலவற்றில் துளைகள் பொறியிலேயே நிலைத்திருக்கும். அங்கு அடைப்பு நேர்ந்தால், பழுதுபார்க்கும் செலவு புதுப் பொறியின் விலையை எட்டக்கூடும்.

இரண்டாவது, மையின் வகை. சாய மை நீரில் கரைந்திருப்பது. நிறமி மை கரையாத நுண்துகள்களால் ஆனது. பொறிக்குரிய கறுப்பு மை நிறமி வகையாயின், மாற்று மையும் அவ்வகையினதாகவே இருத்தல் வேண்டும். இல்லையேல், ஈரக் கை பட்டதும் எழுத்துப் பரவும். நான் பாடக் குறிப்புகளுக்கு மாற்று மையையே பயன்படுத்துகிறேன். பல்லாண்டு நிலைக்க வேண்டிய புகைப்படங்களுக்குப் பொறிக்குரிய மையையே நாடுகிறேன்.

மற்றுமொரு தடை உண்டு. கார்ட்ரிட்ஜில் பதித்துள்ள சிறு சில்லைக் கொண்டு பொறி அதனை அடையாளம் காண்கிறது. 2016 செப்டம்பரில் எச்.பி. நிறுவனத்தின் பொறிகள் சில, பிறர் கார்ட்ரிட்ஜுகளைத் திடீரென ஏற்க மறுத்தன. எதிர்ப்பு எழவே, அத்தடையை நீக்கும் வழியை அந்நிறுவனம் அளித்தது. மறு ஆண்டு மே மாதத்தில், லேசர் அச்சுப்பொறியின் கார்ட்ரிட்ஜ் பற்றிய லெக்ஸ்மார்க் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒரு பொருளை விற்றபின், அப்பொருளின்மீது விற்றவருக்குரிய காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என்பதே அதன் சாரம். காலியான கார்ட்ரிட்ஜில் மை நிரப்பி விற்போர்க்கு அந்நாட்டில் அது பெருந்துணை ஆயிற்று.

காசு கொடுத்து வாங்கிய பொறியில் எந்த மையை இடுவது என்று முடிவுசெய்ய வேண்டியவர் அதன் உடையவரே என்பது என் கருத்து. அம்முடிவை விலைச்சீட்டை மட்டும் பார்த்துச் செய்யாதீர்கள். அடுத்த முறை கடைக்குச் செல்லுமுன், உங்கள் கார்ட்ரிட்ஜைக் கழற்றி அதன் அடிப்பாகத்தை ஒரு முறை உற்றுப் பாருங்கள்.