காப்புறுதி இல்லாதோரும் அவசர சிகிச்சையும்

ஐக்கிய அமெரிக்காவிலே காப்புறுதி இல்லாத ஒருவர் வெறும் காதுவலிக்கும் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவை நாடுவது ஏன்? தனியார் வைத்தியர் முற்பணம் கேட்கலாம்; பார்க்கவும் மறுக்கலாம். அவசரப் பிரிவோ, 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணமில்லையென்று எவரையும் பரிசோதியாது திருப்பியனுப்பலாகாது. ஆயினும், நேயர்களே, அது இலவச வைத்தியம் அன்று. கட்டணச் சீட்டு பின்னர் வீடு தேடி வரும்.

அங்குள்ள நெரிசலுக்கெல்லாம் இவர்களே காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாக் கூற்று. 2008 இல் ஒரிகன் மாநிலத்தார் சீட்டுக் குலுக்கி ஏழைகள் சிலருக்கு அரசாங்கக் காப்புறுதி வழங்கினர். அதனைப் பெற்றோர் அவசரப் பிரிவுக்குச் செல்வது குறையவில்லை. பெறாதோரைக் காட்டிலும் ஏறக்குறைய 40 வீதம் கூடிற்று. சாதாரண வைத்தியரே தீர்க்கக்கூடிய நோய்களுக்கும் அவ்வாறே சென்றனர். அதற்குமுன் கட்டணத்துக்கு அஞ்சி வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர் எத்தனை பேரோ!